அதற்குள் குப்பை கொட்டுகிறார்கள்

அது தப்பில்லையோ என்று இப்போதெல்லாம் தோன்றிக்கொண்டே இருக்கிறது. ராத்திரி தண்ணீர் குடிக்க எழும்போது தோன்றும். வகுப்புக்குப் போகிற வழியில் ரயில்வே கேட் மூடிக் கிடக்கும்போது தோன்றும். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட வகுப்பறை, சித்திரை வெயில், இரண்டு மின்விசிறிகளில் ஒன்று சத்தம் மட்டும் போடும். வங்கித் தேர்வுக்கு ஆங்கிலம் எடுப்பது என் வேலை. கரும்பலகையில் ஐந்து ஆங்கில வாக்கியங்களைக் கலைத்து எழுதியிருந்தேன். தமிழில் சொன்னால், சரியான வரிசைப்படி, இப்படி வரும்: ஒரு கிராமத்தில் முப்பது வருஷமாக வற்றாத கிணறு ஒன்று இருந்தது. அந்தக் கிணற்றை வெட்டியவள் யாருக்கும் பெயர் நினைவில்லாத ஒரு விதவை. பிறகு ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. ஐந்தே வருஷத்தில் கிணறு வற்றிப்போனது. இப்போது அதற்குள் குப்பை கொட்டுகிறார்கள். வரிசையைச் சொல்லுங்கள் என்றேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். பீடி சுற்றுகிற குடும்பம், விரல் நுனிகளில் பழுப்புக் கறை இருக்கும். கடைசி வாக்கியத்தை முதலில் வைத்து மற்ற நான்கையும் அப்படியே அடுத்தடுத்துச் சொன்னாள். ஐந்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஆனால் சாக்பீஸை எடுத்து அந்த வாக்கியத்திலிருந்த ‘இட்’ என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டேன். “இட்னா எதும்மா? முன்னால ஒண்ணுமே இல்லாம அதுன்னு ஆரம்பிக்க முடியுமா?” அவள் தயங்கவில்லை. “எங்க ஆச்சி அப்படித்தான் சார் ஆரம்பிப்பா. ‘அதுக்குள்ள இப்பம் குப்பையக் கொட்டுதாவ’ம்பா. எதுக்குள்ள ஆச்சின்னு நாங்க கேக்கணும். கேட்டாத்தான் மீதியச் சொல்லுவா.” நான் சொன்னேன், “பரீட்சைக்கு உங்க ஆச்சி வரமாட்டாங்கம்மா.” வகுப்பு மறுபடியும் சிரித்தது, அவளும் சிரித்துவிட்டு நோட்டில் எழுதியிருந்ததை அழிரப்பரால் அழித்தாள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பேட்ச்சிலும் இந்தக் கதையை நான் சொல்லியிருக்கிறேன், செய்யக்கூடாத தவறுக்கு உதாரணமாக. ‘ஆச்சி ஓப்பனர்’ என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தேன். நன்றாக எடுபடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கி வழிகிற வகுப்பைக்கூட எழுப்பிவிடும்.

பாரா ஜம்பிள் என்று பையன்கள் சொல்கிற இந்தக் கேள்வியில் ஐந்து வாக்கியம் இருந்தால் 120 வரிசைகள் சாத்தியம். ஆறு இருந்தால் 720. முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 20 நிமிடம். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க யாருக்கும் பொழுதில்லை. மாட்டுத் தரகர் மாட்டை முழுசாகப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார், வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார். நான் சொல்லித் தருவதும் அதுதான். பத்தியைப் படிக்காதே, மூட்டைத் தடவிப் பார். சுட்டுச்சொல்லோடு ஆரம்பிக்கிற வாக்கியம் முதலில் வராது. ‘ஹவெவர்’ முதலில் வராது. சுருக்கப்பெயருக்கு முன்னால் விரிந்த பெயர் வந்தாக வேண்டும். ‘ஏ’ முன்னால், ‘தி’ பின்னால். ‘ஸச்’ என்று ஒரு சொல் வந்தால் அது எதைப் போன்றது என்பது முந்தின வாக்கியத்தில் இருக்கும். ஒட்டியே தீரவேண்டிய இரண்டு வாக்கியங்களைக் கண்டுபிடித்துவிட்டால் அது ‘மேண்டேட்டரி பேர்’. அதைப் பிடித்துக்கொண்டு ஆப்ஷன்களில் மூன்றை அடித்துவிடலாம். கெட்டிக்காரப் பையன் நாற்பது நொடியில் முடித்துவிடுவான். முடித்த பிறகு, பத்தி எதைப் பற்றி என்று கேட்டால் விழிப்பான். முதலில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. கிணற்றைப் பற்றியா, விதவையைப் பற்றியா, குப்பையைப் பற்றியா என்று அவனுக்குத் தெரியாது. வரிசை மட்டும் தெரியும்.

இந்த விதிகளில் சிலவற்றைத் தமிழ்ப் பிள்ளைகளின் மண்டைக்குள் ஏற்றுவது கஷ்டம், சில தானாகவே இறங்கும். பெயர் விஷயம் கஷ்டம். ஒரு பத்தியில் முதலில் அமர்த்தியா சென் என்றும் அப்புறம் வெறும் சென் என்றும் வந்தது. முழுப்பெயர் உள்ள வாக்கியம் முன்னால் என்று விளக்கினேன். ஒரு பையன் கேட்டான், “சென்ங்கிறது அவரு அப்பா பேரு இல்லையா சார்? அவர ஏன் நடுவுல இழுக்காங்க?” அப்பா பெயரை ஒற்றை எழுத்தாக முன்னால் போட்டுக்கொண்டு திரிகிற நமக்கு அது நியாயமான சந்தேகம்தான். ஆனால் ‘ஏ’, ‘தி’ விஷயத்தை அவர்களுடைய வாயிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடலாம். ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம், அந்த ராஜாவுக்கு ரெண்டு பொண்டாட்டியாம் என்று சொல்லிப் பாருங்கள் என்பேன். அந்த ராஜா என்பதை முன்னால் வைத்துச் சொல்லுங்கள் என்றால் நாக்கே ஒத்துக்கொள்ளாது. ‘ஒரு’வுக்குப் பின்னால் ‘அந்த’ வருவது யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இப்படிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் எனக்கு உறைத்தது: நான் உதாரணம் காட்டுவதும் ஆச்சிகளின் கதையைத்தான். எனக்கு வசதியான இடத்தில் ஆச்சியை வகுப்புக்குள் கூப்பிட்டுக்கொள்கிறேன், வசதியில்லாத இடத்தில் பரீட்சைக்கு வரமாட்டாள் என்கிறேன்.

அந்தப் பெண் சொன்ன விடையை மூன்று தேர்வுகளில் திருத்தினால் என்ன மதிப்பெண் கிடைக்கும் என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வங்கித் தேர்வுகளின் பழைய பாணியில், வரிசைப்படுத்திய பின் முதலில் வரும் வாக்கியம் எது, இரண்டாவது எது என்று தனித்தனியாகக் கேட்பார்கள். அவள் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் இடம் மாற்றினாள். ஆனால் அதனால் எல்லாமே ஓரிடம் தள்ளிப் போய்விட்டது. ஐந்தும் தப்பு. ஒரு தப்புக்குக் கால் மதிப்பெண் கழிப்பார்கள் என்பதால் கையிலிருந்தும் ஒன்றேகால் போகும். ஐ.ஐ.எம். நிறுவனங்களுக்கான கேட் தேர்வில் 2015 முதல் இதற்கு ஆப்ஷன் கொடுக்காமல் எண் வரிசையைத் தட்டச்சுச் செய்யச் சொல்கிறார்கள். அங்கே சுழியம், ஆனால் கழிப்பு கிடையாது. ஆஸ்திரேலியாவுக்குப் போக நர்சுகளும் என்ஜினீயர்களும் எழுதுகிற பி.டி.இ. தேர்வில் கணக்கே வேறு. அங்கே ஒரு வாக்கியம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை, அதன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறார்கள். அடுத்தடுத்து சரியாக அமைந்த ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு புள்ளி. ஒன்றும் இரண்டும், இரண்டும் மூன்றும், மூன்றும் நான்கும் அவள் விடையில் கைகோத்தபடியே நிற்கின்றன. நாலுக்கு மூன்று. ஒரே விடை, ஓரிடத்தில் கடன், ஓரிடத்தில் சூனியம், ஓரிடத்தில் முக்கால். வரிசை என்பது இடமா, அண்டை அயலா என்று இந்தத் தேர்வுகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொண்டேன். எத்தனையாவது இலை என்று யாரும் எண்ணுவதில்லை. பக்கத்து இலையில் யார் என்பதுதான் பிரச்சினை.

முதல் வாக்கியத்தை நீங்கள் தேடவே வேண்டாம், நாங்களே தருகிறோம் என்று சொல்கிற தேர்வுகளும் உண்டு. நியூயார்க் நகரத்தின் சிறப்பு உயர்நிலைப் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வில் முதல் வாக்கியத்தைக் கொடுத்து மற்ற ஐந்தைக் கோக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2017-இல் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். தென்கொரியாவின் கல்லூரி நுழைவுத் தேர்விலும் அப்படித்தான்: ஒரு தொடக்கத்தைக் கொடுத்துவிட்டு, அதன் கீழே ஏ, பி, சி என்று மூன்று துண்டுகள். மூன்று துண்டுகளுக்கு ஆறு வரிசைகள் சாத்தியம், ஆனால் ஆப்ஷன் ஐந்துதான். விட்டுப்போனது எதுவென்று பார்த்தால், ஏ-பி-சி. அச்சிட்டிருக்கிற வரிசை ஒருபோதும் விடையாகாது. இதில் தந்திரம் ஒன்றுமில்லை, கலைக்காத கேள்வி கேள்வியே அல்லவே. ஆனாலும் எனக்கு அது ஏனோ மனசில் தங்கிவிட்டது. கண் முன்னால் இருக்கிற வரிசை எதுவானாலும் அது தப்பு என்ற முன்முடிவோடு ஒரு பிள்ளை படிக்க உட்கார்கிறது. எங்கள் பயிற்சி மையத்தில் ஒன்றரை வருஷம் படித்த பையன் ஒருவன் பேப்பர் படிக்கும்போதுகூட வாக்கியங்கள் தானாக இடம் மாறுவதாகச் சொன்னான். பெருமையாகத்தான் சொன்னான்.

பத்தி என்பதற்கு இத்தனை கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனதில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் அகப்பட்டார். அபர்தீன் பல்கலைக்கழகத்தில் தர்க்கமும் ஆங்கிலமும் கற்பித்த அலெக்சாண்டர் பெய்ன். 1866-இல் அவர் வெளியிட்ட ஆங்கிலக் கட்டுரையியல் நூலில் பத்திக்கென்று சட்டங்கள் வகுத்தார்: ஒவ்வொரு வாக்கியமும் முன்னதோடு கொண்ட உறவு தெளிவாகத் தெரிய வேண்டும், முதல் வாக்கியம் பொருளை அறிவிக்க வேண்டும், இடம் பிசகக் கூடாது. தர்க்கப் பேராசிரியர் எழுதினால் அப்படித்தான் இருக்கும். ஆனால் எழுதுகிறவர்கள் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதாகத் தெரியவில்லை. 1974-இல் ரிச்சர்ட் பிராடக் என்ற அமெரிக்க ஆசிரியர், அட்லாண்டிக், ஹார்ப்பர்ஸ், நியூயார்க்கர் மாதிரியான பத்திரிகைகளிலிருந்து 25 கட்டுரைகளை எடுத்து, பத்தி பத்தியாக எண்ணிப் பார்த்தார். பொருளை அறிவிக்கிற வாக்கியத்தோடு தொடங்கிய பத்திகள் ஏறக்குறைய 13 சதவீதம். மற்ற பத்திகள் எல்லாம் ஏதோ ஒரு ஆச்சி சொன்னவைதான் போல. ‘முதல் வாக்கியம் பொதுவாக இருக்கும், மற்றவை அதை விளக்கும்’ என்று பலகையில் இருமுறை அடிக்கோடிட்டு எழுதிப்போட்ட கை என்னுடையது. பிராடக்கின் கணக்கைப் படித்த அன்று பலகை முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். பிறகு அதையேதான் மறுபடியும் எழுதினேன். கட்ஆஃப் இருக்கிறதே.

நம்மிடம் இதற்கு என்ன இருந்தது என்று யோசித்தால் முதலில் வருவது அந்தாதி. ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு ஆரம்பிக்கும். பலருக்கு அது பக்தி விஷயம், சிலருக்கு வித்தை. எனக்கு அது உத்தியாகத் தெரிகிறது. ஓலைச்சுவடியில் ஏட்டின் ஓரத்தில் எண் போட்டிருப்பார்கள். ஓரம் ஒடிந்தால் எண்ணும் போய்விடும். கயிறு அற்று ஏடுகள் கலைந்தால் எது முன்னால், எது பின்னால்? அந்தாதியாக இருந்தால் பிழைத்தது. பாட்டே தன் அடுத்த பாட்டின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஜோடிக்குப் புள்ளி போடுகிற பி.டி.இ.க்காரர்கள் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அபிராமி அந்தாதியில் காப்புக்குப் பின் வருகிற நூறு பாட்டைப் பாருங்கள், நூறாவது பாட்டு முடிகிற சொல் முதல் பாட்டு ஆரம்பித்த சொல்லேதான். மண்டலித்து முடிப்பது என்பார்கள். அப்படியென்றால் முத்துமாலை மாதிரி. அடுத்தது எது என்று சொல்ல முடியும், முதல் எது என்று கேட்டால் மாலையிடம் பதில் கிடையாது. அந்தாதி ஏட்டில் மட்டும் இருந்ததும் அல்ல. “போனான். போயிப் பாத்தா கதவு தொறந்து கெடக்கு. கெடக்கவும் உள்ள எட்டிப் பாத்தான். பாத்தா...” என்று கதை சொல்கிற எந்தப் பாட்டியும் முந்தின வாக்கியத்தின் வினைமுற்றை எச்சமாக்கி அடுத்ததின் வாசலில் வைத்துவிடுகிறாள். ஆங்கிலம் ‘திஸ்’ என்று பெயர்ச்சொல்லைச் சுட்டி ஒட்டுகிற இடத்தில் அவள் வினையால் ஒட்டுகிறாள். என் விதிப்பட்டியலில் இந்த ஒட்டுக்கு இடமில்லை.

இன்னொன்று, எனக்கு அதிகமாக உறுத்துவது, பொருள்கோள். செய்யுளின் சொற்களை எந்த முறையில் கூட்டிப் பொருள் கொள்வது என்பதற்குத் தொல்காப்பியம் நான்கு வகை சொல்கிறது, நன்னூல் எட்டு. தொல்காப்பியத்தின் நான்கில் ஒன்றுக்குச் சுண்ணம் என்று பெயர். பொடி கலந்தாற்போல, இரண்டடியில் எட்டுச் சீராகச் சொற்கள் சிதறிக் கிடக்கும். எது எதோடு ஒட்டும் என்று அறிந்து கூட்ட வேண்டும். நன்னூலின் கொண்டுகூட்டு இன்னும் தாராளம், செய்யுளின் பல அடிகளிலிருந்தும் சொற்களைக் கொண்டுவந்து சேர்க்கும். பள்ளியில் படித்தபோது இது கவிஞர்களின் சோம்பேறித்தனத்துக்கு இலக்கணக்காரர்கள் கொடுத்த சலுகை என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கலைத்துப் போட்டவன் கவிஞன். கூட்டிப் பார்ப்பவன் வாசகன். கூட்டிப் பார்த்த பிறகும் செய்யுள் கலைந்தபடியே ஏட்டில் இருக்கும். உரைகாரர் தன் வரிசையைக் கீழே எழுதிக்கொள்வாரே தவிர, மேலே இருப்பதைத் தொடமாட்டார். வேறு உரைகாரர் வந்து வேறு மாதிரி கூட்டினால் சண்டை நடக்கும், அந்தச் சண்டையும் ஏட்டில் இருக்கும். நாங்கள் செய்வது தலைகீழ். ஒழுங்காக இருந்ததை உடைத்துவிட்டு, பழைய இடத்தில் வை என்கிறோம். வைத்தவுடன் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகச் சொல்கிறோம். அடிமறிமாற்று என்று ஒரு வகை இருக்கிறது. எந்த அடியை எங்கே வைத்தாலும் பொருள் கெடாது. அப்படி ஒரு நாலு வாக்கியப் பத்தியைக் கேள்வித்தாளில் போட்டால் 24 விடையும் சரி என்று கீ கொடுக்க வேண்டிவரும். வழக்குப் போடுவார்கள்.

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில், துணைப்பாடக் கதையிலிருந்து ஐந்து வாக்கியம் எடுத்துக் கலைத்துக் கொடுக்கிற கேள்வியை எழுதியவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள். அது வேறு ரகம். கதையை ஏற்கெனவே படித்திருப்பார்கள். புயல் வந்தது, கப்பல் உடைந்தது, கரை ஒதுங்கினார்கள் என்று நடந்ததை நடந்தபடி வைத்தால் போதும். காலம் வரிசையைக் காப்பாற்றிவிடும். என்னிடம் வந்த பிறகுதான் காலம் இல்லாத, கருத்து மட்டும் இருக்கிற பத்திகளைப் பார்க்கிறார்கள், திகைக்கிறார்கள். எழுதியவன் மனசில் எது முதலில் தோன்றியது என்பதை எப்படிச் சார் கண்டுபிடிப்பது என்று கேட்பார்கள். எழுதியவனை மறந்துவிடு, கேள்வி தயாரித்தவனை நினை என்பேன். உண்மையான பதில் அதுதான். என் வேலையின் ஒரே ரகசியம் அது. கேள்வி தயாரிக்கிறவன் ஒரு பத்தியை எடுத்துக்கொள்கிறான். அதை இரண்டு விதமாக அடுக்க முடிந்தால் கழித்துவிடுகிறான். மூட்டு வெளியே துருத்திக்கொண்டிருப்பதை மட்டும் வைத்துக்கொள்கிறான். நான் பத்துப் பத்தி எடுத்தால் இரண்டு தேறும். கழிந்த எட்டும் மோசமானவை அல்ல. பெரும்பாலும் அவைதான் நல்லவை. நன்றாக எழுதுகிறவன் மூட்டை உள்ளே வைத்துச் சதையால் மூடிவிடுகிறான். வருஷக்கணக்காக ஒரு தலைமுறைக்கு மூட்டு தெரிகிற ஆங்கிலத்தையே படிக்கக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் எழுதுகிற கடிதங்களில், வேலை விண்ணப்பங்களில் எல்லாம் ‘மோரோவர்’ எலும்புகள் துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்து நானே குறையும் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெண் இரண்டு மாதம்தான் வந்தாள். பிறகு வரவில்லை, ஃபீஸ் பாக்கி காரணமாக இருக்கலாம், கல்யாணமாக இருக்கலாம். அவளுடைய வரிசையில் பத்தியை வாய்விட்டுப் படித்துப் பார்த்திருக்கிறேன், பல தடவை. குப்பை முதலில் வந்துவிடுகிறது. எதில் கொட்டுகிறார்கள் என்று தெரியாமல் ஒரு கணம் நிற்கிறோம். அப்புறம் வற்றாத கிணறு, அப்புறம் அந்த விதவை, அப்புறம் ஆழ்துளைக் குழாய்கள், கடைசியில் கிணறு வற்றுகிறது. என் வரிசை குப்பையில் முடிகிறது, அவள் வரிசை தண்ணீர் போவதில் முடிகிறது. பெயர் மறந்துபோன அந்த விதவை என் வரிசையில் வெறும் தகவல். அந்தப் பெண்ணின் வரிசையில், குப்பை ஏற்கெனவே தெரிந்திருப்பதால், விதவையின் ஒவ்வொரு வெட்டும் காதில் விழுகிறது. இது எனக்கு மட்டும் தோன்றுகிற மயக்கமாகவும் இருக்கலாம். குற்ற உணர்ச்சி நல்ல விமர்சகன் அல்ல.

போன மாதம் ஒரு மாதிரித் தேர்வுக்குக் கேள்வி எடுக்க வேண்டியிருந்தது. கணினியில் செய்வதைவிட எனக்குக் கத்தரிதான் பழக்கம். ஆங்கிலப் பேப்பரின் தலையங்கப் பக்கத்திலிருந்து ஒரு பத்தியை ஐந்து துண்டாக வெட்டி, மேஜைமேல் கலைத்துப் பரப்பினேன். வெட்டுவதற்கு முன் எண் போட்டுவைக்கிற வழக்கம். அன்று போன் வந்ததில் மறந்துவிட்டேன். பேசிவிட்டுத் திரும்பினால் வரிசை நினைவில் இல்லை. மீதிப் பேப்பரை மனைவி அதற்குள் முருங்கைக்கீரை ஆயப் பரப்பிவிட்டாள். அது கையில் கிடைத்திருந்தாலும் அதில் இருந்திருக்கப் போவது ஒரு சதுர ஓட்டைதான். எனக்குத் தெரிந்த எல்லா விதிகளையும் போட்டுப் பார்த்தேன். சுட்டு, எதிர்மறை, ஒரு ஜோடி. இரண்டு வரிசை வந்தது. இரண்டும் நன்றாக இருந்தன. விசிறியை நிறுத்திவிட்டு, துண்டுகளை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே சாப்பாட்டு நேரம்வரை உட்கார்ந்திருந்தேன். கீயில் ஏதாவது ஒன்றை எழுதித்தானே ஆகவேண்டும். 3-1-5-2-4 என்று எழுதினேன். மறுநாள் வகுப்பில் பாதிப்பேர் மற்ற வரிசையைப் போட்டிருந்தார்கள். தப்பு என்றேன். அழிரப்பரை எடுத்தார்கள்.